ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன்

சன்னல் சீட்டு வேணும்னா எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, எனக்கு இன்னைக்கு வெளிய பாக்குற மனசு இல்ல. வேண்டாமா? சரி. தென்காசிக்கா போறிய? நான் பாவூர்சத்திரத்துலயே எறங்கிருவேன். அங்க இருந்து சுரண்டை வண்டி பிடிக்கணும்.

ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், அப்புறம் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன். இப்ப டிக்கெட் குடுத்துட்டுப் போனாருல்லா கண்டக்டர், அவரு குரல நான் பிடிச்சாச்சு. மூக்குல இருந்து வருது. கடைசி எழுத்தெல்லாம் முழுங்கிருதாரு. 'ஆலங்குளம் எறங்கு'ம்பாரு, 'றவங்க' வயித்துக்குள்ள போயிரும். இங்கன உக்காந்துக்கிட்டு நான் அந்தக் குரல்ல ஒரு சத்தம் குடுத்தேன்னா டிரைவர் வண்டிய ஓரங்கட்டிருவாரு. போன மாசம் ஒருத்தர் கட்டிட்டாரு. ரெண்டு பொம்பளைய எறங்கியே போயிட்டாவ. அது வேற வண்டி. அத விட்ருவோம். அதுல ஒரு அம்மா கையில பலாப்பழம். பலாப்பழத்தோட எறங்குனவ, இது நம்ம ஊரு இல்லன்னு தெரிஞ்சு, பலாப்பழத்தோடயே ஓடி வந்து ஏறுனாவ.

சிரிக்கிய. சிரிங்க. நான் சிரிக்க வச்சுத்தான் இந்த வம்புல மாட்டியிருக்கேன்.

நான் முழுநேர மிமிக்ரி ஆளு இல்ல அண்ணாச்சி. காமர்ஸ் வாத்தியார். பேரு குத்தாலிங்கம். திருநெல்வேலியில ஒரு காலேஜ்ல இருபத்தாறு வருஷமா இருக்கேன். காலேஜ் பேரு வேண்டாம். ஒன்பது வருஷமா அங்க நுண்கலை மன்றத்துக்கு நான்தான் பொறுப்பு. நுண்கலைன்னதும் பெருசா நெனச்சிராதிய. வருஷத்துக்கு ஒரு காலேஜ் டே. ஒரு மேடை, ஒரு மைக் செட்டு, கீழ ஆயிரத்தி நானூறு பிள்ளைய. அவங்களுக்கு வருஷம் பூரா வாத்தியாருக பேசுறத கேக்குறதுதான் வேலை. அந்த ஒரு நாள், மூணு மணி நேரம், வாத்தியாருக கீழ உக்காந்து பிள்ளைய பேசுறத கேக்கணும். அது போயிருச்சுன்னா காலேஜ்ல மிச்சம் இருக்கறது கட்டடம்தான்.

அந்த மூணு மணி நேரத்தக் காப்பாத்த நான் பட்ட பாட்டக் கேளுங்க.

போன வருஷம் ஒரு டான்ஸ் ஐட்டத்துக்குப் பயலுவ பெஞ்சு மேல ஏறி நின்னு ஆடிட்டானுவ. மூணு பெஞ்சு முறிஞ்சிருச்சு. ஒருத்தனுக்கு முழங்கால்ல நாலு தையல். தையல் போட்டுட்டு நேரா ஹாலுக்கு வந்து மிச்ச ஐட்டத்தையும் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனான். அவன் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா பிரின்ஸ்பாலுக்கு இல்ல.

எங்க பிரின்ஸ்பால் குணசிங் சார். சிரிக்கிற நரம்பே இல்லாத மூஞ்சி. அவரு குரல எடுக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, நம்புவியளா? ஏன்னா அதுல பிடிக்க ஒண்ணுமே கிடையாது. ஏத்தம் இல்ல, எறக்கம் இல்ல. ஸ்டேஷன்ல பழைய எடை மிஷின் நிக்கும்லா, அது பேசுனா எப்படி இருக்கும், அப்படி. 'இந்த வருஷம் காலேஜ் டே இல்லை.' அவ்வளவுதான். பாத்தியளா, எம் மூஞ்சியே மாறிருச்சுல்லா?

நான் பதினோரு நாள் அவரு ரூம் வாசல்ல போய் நின்னேன். பன்னெண்டாம் நாள் ஒரு தாள நீட்டுனாரு. மூணு கண்டிஷன். காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சு ஒரு மணிக்கு முடிஞ்சிரணும். ஒரு விசில் சத்தம் கேட்டாலும் திரைய எறக்கிரணும், அதோட காலேஜ் டேங்கிற பேச்சே இனிமே கிடையாது. மூணாவது, வாத்தியாருக யாரையும் மேடையில பேசிக்காட்டக் கூடாது. காட்டுனா அந்தப் பிள்ளைக்குப் பத்து நாள் சஸ்பென்ஷன், வீட்டுக்கு லெட்டர்.

மூணாவத வாசிக்கும்போது என்னைய ஒரு பார்வை பாத்தாரு. நான் அதே காலேஜ்ல படிச்சவன்லா. செகண்ட் இயர்ல அப்ப இருந்த பிரின்ஸ்பாலயே பேசிக்காட்டி பேரு வாங்குனவன். அத விட்ருவோம். அந்தப் பிரின்ஸ்பாலு முன் வரிசையில உக்காந்து வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சாரு. மறுநாள் கூப்பிட்டு, 'எலேய், நான் அப்படியா மூக்க உறியுதேன்'ன்னு கேட்டாரு. கேட்டுட்டு மூக்க உறிஞ்சாரு. அந்த ஆளுக்கே தெரியல. மனுசனுக்குத் தன் குரல் தன் காதுல விழாது அண்ணாச்சி. அது ஒரு பரிதாபம். நம்மள மாதிரி தொழில் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் விழும்.

தண்ணி குடிக்கியளா? இல்லையா. சரி.

அப்ப என்ன செஞ்சோம்னா, ஸ்க்ரீனிங் வச்சோம். காலேஜ் டேக்கு முந்தின வாரம் எல்லா ஐட்டத்தையும் பிள்ளைய எங்க மூணு பேரு முன்னால செஞ்சு காட்டணும். தப்பா இருந்தா வெட்டிருவோம். நான், தமிழ்த்துறை அமலோற்பவம் மேடம், பி.டி. சார். பி.டி. சார்னா விளையாட்டு வாத்தியார், ஆறடி, அவரு முன்னால யாரும் வாலாட்ட முடியாது. எல்லாம் ஒழுங்கா போச்சு. நாலு டான்ஸ் பாத்தோம், ரெண்ட வெட்டுனோம். ஒரு நாடகத்துல நரி ஒண்ணு வாத்தியாரா வருது, அத வெறும் நரியா மாத்துனோம்.

அப்ப வந்தா முப்பிடாதி.

பாட்டனி செகண்ட் இயர். குச்சி மாதிரி பிள்ள. மைக் பக்கத்துல போய் நின்னா எது ஸ்டாண்டுன்னு ஒரு நிமிஷம் உத்துப் பாக்கணும். தரையப் பாத்துக்கிட்டே, மிமிக்ரி சார்ன்னா. எனக்கு அப்பவே காது நிமிந்துருச்சு. ஒன்பது வருஷத்துல மிமிக்ரின்னு வந்த ஒரே பொம்பளப்பிள்ள. மொதல்ல அவங்க ஊரு டவுன் பஸ்ச கிளப்புனா. ரெண்டு தடவ கிளம்பாது, மூணாவது தடவ கிளம்பும், கிளம்புனதும் நின்னுரும். அருமை. பின்ன ஒரு ஆட்டுக்குட்டி, அதோட ஆத்தா ஆடு, ரெண்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னு சண்டை போடுது. பி.டி. சாரே கை தட்டுனாரு.

கடைசி ஐட்டம், 'எங்க ஊரு கல்யாண வீட்டு மாமா'ன்னு சொன்னா.

அது என்னன்னா, பந்தியில எல்லாரும் உக்காந்தாச்சு, இலை போட்டாச்சு, சோறு விழுந்தாச்சு. அப்ப ஒரு மாமா எந்திரிச்சுப் பேசுதாரு. 'ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடுதேன், அப்புறம் நீங்க சாப்பிடுங்க. நம்ம மாப்பிள்ளை தங்கம். அத விட்ருவோம். தங்கம்னா எப்பேர்ப்பட்ட தங்கம்...' இப்படியே போவும். ஒண்ணே ஒண்ணும்பாரு, ஒன்பது சொல்லுவாரு. விட்ருவோம்பாரு, விட மாட்டாரு. இலையில சாம்பார் ஓடுது, அப்பளம் நமத்துப் போவுது, மாமா விடல.

எனக்குச் சிரிப்பு தாங்கல அண்ணாச்சி. பக்கத்துல பாத்தா அமலோற்பவம் மேடம் முந்தானைய வாய்க்குள்ள திணிச்சிருக்காவ, கண்ணுல தண்ணி கொட்டுது. பி.டி. சார் ஷூ லேஸ் கட்டணும்னு வெளிய ஓடிட்டாரு. அவரு போட்டிருந்தது செருப்பு. அவ்வளவு நல்ல ஐட்டம்.

நான் பொறுப்புல இருக்கேன், கேக்கணும்லா. யாரும்மா இந்த மாமா, ஒரிஜினல் யாருன்னு கேட்டேன். எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சார்ன்னா. ஊருக்கு ஊரு இப்படி ஒரு ரம்பம் இருக்கத்தான் செய்யும்னு சொன்னேன். அதுக்கும் மேடம் சிரிச்சாவ. அவங்களுக்குச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சிரிப்பு வந்துரும்.

ஆனா ஒரு குறை இருந்துச்சு. எனக்கு அப்படியே விட மனசு வராது. 'விட்ருவோம்'ங்கிற எடத்துல அந்தப் பிள்ள வேகமா போயிட்டா. அந்த மாதிரி ஆளுக எப்படின்னா, அத சொல்லுறதுக்கு முன்னால ஒரு மூச்ச உள்ள இழுப்பானுவ. கைய இப்படி, ஒரு ஈய வெரட்டுற மாதிரி, பாத்தியளா, இப்படி. அப்புறம்தான் விட்ருவோம். நான் செஞ்சு காட்டுனேன். அவ வாயத் தொறந்தபடி என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. எப்படி சார் இவ்வளவு கரெக்டா வருதுன்னு கேட்டா. அனுபவம்மான்னேன்.

கையெழுத்துப் போட்டுட்டேன். போட்ட பொறவு அவ போவாம நின்னா. உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லல்லா சார்ன்னு கேட்டா. எனக்கு என்னம்மா வருத்தம்னேன். அப்பதான் வீட்டுக் கதையச் சொன்னா. அப்பா கிடையாது. அம்மா பீடி சுத்துதாவ. காலேஜ்ல சேத்து விடும்போதே சொல்லிட்டாவளாம், அங்க இருந்து உன் பேருல ஒரு லெட்டர் வந்துச்சு, மறுநாளே உன் மடியில பீடித்தட்டத் தூக்கி வச்சிருவேன், படிப்பு அதோட முடிஞ்சிதுன்னு. அதனால நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்ன்னா.

நான் சொன்னேன். 'தாயி, நான் கையெழுத்துப் போட்டாச்சு. உன் வீட்டுக்கு ஒரு துண்டுத் தாளு வராது. நான் பொறுப்பு.'

இந்த வார்த்தைய நான்தான் சொன்னேன் அண்ணாச்சி. யாரு குரல்லயும் சொல்லல. நானே சொன்னது.

ஆலங்குளம் வரப்போவுது போல. இல்ல, இன்னும் இருக்கு.

காலேஜ் டே அன்னைக்கு எம் மனசு எங்க இருந்துச்சு தெரியுமா? கயித்துல. திரைய எறக்குற கயித்த பிரின்ஸ்பால் பி.டி. சார் கையில குடுத்து நிக்க வச்சிட்டாரு. மொத விசிலுக்கு எறக்கணும்னு உத்தரவு. அவரும் அத மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்தி வச்சிக்கிட்டு நிக்காரு. நான் மேடை ஓரத்துல மைக்க வச்சுக்கிட்டு நிக்கேன். ஒவ்வொரு ஐட்டம் முடியும்போதும் எங்கண்ணு மேடைக்குப் போவாது, கயித்துக்குத்தான் போவும்.

பயலுவ கெட்டிக்காரனுவ. விசில்தான அடிக்கக் கூடாதுன்னு, மொத டான்ஸ் முடிஞ்சதும் வாய மூடிக்கிட்டு முனக ஆரம்பிச்சானுவ. ம்ம்ம்ம்னு. ஆயிரத்தி நானூறு பேரு. யாரு வாயும் அசையல. ஹாலே ஒரு தேன்கூடு மாதிரி கெடந்து அதிருது. ஃபேன் சத்தமா, பிள்ளைய சத்தமான்னு தெரியாம பிரின்ஸ்பால் மேல ஃபேனப் பாக்காரு. பி.டி. சார் கயித்த இறுக்குதாரு, விடுதாரு. உத்தரவுல விசில்னுதான இருக்கு, முனகல்னு இல்லையே. எனக்குச் சட்டை பூரா நனைஞ்சிருச்சு.

பதினொன்னே முக்காலுக்கு முப்பிடாதி வந்தா. பஸ் கிளம்புச்சு, ஆடு கத்துச்சு, ஹால் அதிருது. அடுத்து கல்யாண வீட்டு மாமா. 'ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடுதேன்'னு ஆரம்பிச்சா பாருங்க, முனகல் பட்டுன்னு நின்னு போச்சு. ரெண்டு செகண்டு. அதுக்கப்புறம் வந்துச்சு ஒரு சிரிப்பு, நான் எந்த மேடையிலயும் கேட்டதில்ல. இருவத்தி ஒம்பது வருஷமா கல்யாண வீடு, கோயில் கொடைன்னு போய் பேசியிருக்கேன், எனக்கு அப்படி ஒரு சிரிப்பு கெடச்சதில்ல. அவ 'அத'ன்னா, மூச்ச இழுத்தா, ஈய வெரட்டுனா, ஹால் பூரா சேந்து 'விட்ருவோம்'னு சொல்லுது.

எல்லாம் சரி. ஆனா பிள்ளைய யாரும் மேடையப் பாக்கல. என்னையப் பாக்கானுவ. ஆயிரத்தி நானூறு மூஞ்சியும் எம் பக்கம். நான் குனிஞ்சு சட்டையப் பாத்தேன், பட்டன் ஏதும் தெறிச்சிருச்சோன்னு. நல்லாத்தான் இருக்கு. வேட்டி கட்டல, பேண்டுதான், அதும் ஒழுங்கா இருக்கு. பொறவுதான் தோணுச்சு, இந்த ஐட்டத்த உருவாக்குனது சார்தான்னு அந்தப் பிள்ள சொல்லியிருக்கும் போல, நன்றிக்குப் பாக்கானுவன்னு. நானும் லேசா கையத் தூக்கிக் காட்டுனேன். அதுக்கு இன்னும் சிரிக்கானுவ.

அப்பதான் விசில் வந்துச்சு.

நல்ல விசில். ரெண்டு வெரல மடக்கி வாயில வச்சு அடிக்கிற விசில். பி.டி. சார் கயித்த இழுக்கப் போனாரு. போனவரு அப்படியே நின்னுட்டாரு. ஏன்னா சத்தம் வந்தது பிள்ளைய பக்கமிருந்து இல்ல. வாத்தியாருக வரிசையில இருந்து. பி.டி. சார் பிரின்ஸ்பாலப் பாக்காரு. பிரின்ஸ்பால் வரிசையப் பாக்காரு. முப்பத்தெட்டு வாத்தியாரும் நேரா மேடையப் பாக்காவ. யாரு அடிச்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. எனக்கு அப்ப நேர் எதுக்க அமலோற்பவம் மேடம்தான், பாவம், கைக்குட்டையில ரெண்டு வெரலையும் தொடச்சிக்கிட்டு இருந்தாவ. ஹால்ல அவ்வளவு வேர்வை.

திரை எறங்கல. பன்னெண்டு அம்பத்தஞ்சுக்கு நிகழ்ச்சி முடிஞ்சுது. நான் மேடைக்குப் பின்னால போய் மைக் செட்டு பெட்டி மேல உக்காந்து பத்து நிமிஷம் எந்திரிக்கல. ஜெயிச்சிட்டோம்னு நெனச்சேன்.

பிரின்ஸ்பாலுக்கு அது ஆறல. தன் வாத்தியாரே விசில் அடிச்சத வச்சு நிகழ்ச்சிய நிறுத்துனா வெளிய சிரிப்பாங்க. அதனால மூணாவது கண்டிஷன எடுத்தாரு. திங்கக்கிழமை மெமோ வந்துச்சு. மேற்படி மாணவி ஆசிரியர் ஒருவரைப் பேசிக்காட்டியதாக விசாரணை. ரூம்ல அவரு, மேடம், பி.டி. சார், நானு. கதவு ஓரத்துல முப்பிடாதி. மேசை மேல ஒரு போன். அதுல அந்த ஐட்டத்த யாரோ வீடியோ எடுத்தது ஓடுது.

ஓடி முடிஞ்சுது. பிரின்ஸ்பால் கேட்டாரு. 'மிஸ்டர் குத்தாலிங்கம், இது நீங்களா?'

நான் ஆடிப்போயிட்டேன். இல்ல சார்ன்னேன். அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்குதேன், நீங்களே சொல்லுங்க. ஆடுதுறையில இருந்து அருமனை வரைக்கும் எவன் பேசுனாலும் ரெண்டு நிமிஷத்துல பிடிக்கிறவன் நான். எங்குரல எனக்குத் தெரியாதா? நான் என்னைக்கு அப்படி ஒண்ணே ஒண்ணு, ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லியிருக்கேன்? நான் சொல்ல வேண்டியத நறுக்குன்னு சொல்லிட்டு நிறுத்துற ஆளு. அத விட்ருவோம். நறுக்குன்னு பேசுறதுக்குன்னே எனக்கு ஒரு பேரு இருக்கு. ஸ்டாஃப் மீட்டிங்ல நான் எந்திரிச்சா எல்லாரும் ஒரு பெருமூச்சு விடுவாவ. ஒரு நிம்மதி அவங்களுக்கு.

என்ன அண்ணாச்சி, இருமுதிய? தண்ணி இருக்கு, குடிங்க.

பிரின்ஸ்பால் மேடத்தக் கேட்டாரு. அவங்க சீலிங்கப் பாத்து, அடையாளம் தெரியலன்னுட்டாவ. பி.டி. சார் தனக்குக் காது கொஞ்சம் மந்தம்னுட்டாரு. பிரின்ஸ்பாலுக்கு வேற வழி இல்ல. சம்பந்தப்பட்ட ஆளே நான் இல்லங்காரு, மத்தவங்களுக்கும் தெரியல. ஒரு வெள்ளைத் தாள எம் பக்கம் தள்ளுனாரு. மாணவி பேசிக்காட்டியது என்னை அல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, ஃபைல மூடிருதேன்னாரு.

ஒரு வரிதான். எழுதிட்டேன். பேனா கையெழுத்துக்குப் போவுது. கதவு ஓரத்துல அந்தப் பிள்ள அப்பதான் மூச்சு விடுறது எனக்குக் கேக்குது.

அந்த நேரம் பாத்து அந்த மனுசன் சொல்லுதாரு. சும்மா, ஃபைலக் கட்டிக்கிட்டே. 'எப்படியும் அதுல ஒண்ணும் இல்லை. ஒரே வார்த்தைய பத்து தடவை சொல்றது. இதுக்குப் போய் என்ன சிரிப்பு.'

என்னால தாங்க முடியல அண்ணாச்சி. பேனாவ மூடி வச்சிட்டேன். சார், அப்படிச் சொல்லாதிய, அது வார்த்தையில இல்ல சார், மூச்சுல இருக்குன்னேன். இந்தக் காலேஜ்ல என்னையத் தவிர யாருக்கும் வராது, இப்ப இந்தப் பிள்ளைக்கு வந்திருக்கு, அதப் போய் ஒண்ணுமில்லங்கியளேன்னு கேட்டேன். அவரு, அப்படி என்ன கஷ்டம்னாரு.

அப்படிக் கேட்டா நான் என்ன செய்யணும்? எந்திரிச்சு நின்னு செஞ்சு காட்டுனேன்.

ஒரு வரி விடாம. மாப்பிள்ளை தங்கம், இலையில சாம்பார், எல்லாம். கதவு ஓரத்துல முப்பிடாதி தலைய இப்படியும் அப்படியும் ஆட்டுதா. மூச்சு எடம் தப்பிருச்சு போலன்னு நெனச்சு அந்த எடத்த மறுபடியும் எடுத்தேன். அவ இன்னும் வேகமா ஆட்டுதா. மூணாவது தடவையும் எடுத்தேன். கையி, ஈ, மூச்சு, விட்ருவோம். அன்னைக்கு வந்த மாதிரி எனக்கு என்னைக்கும் வந்ததில்ல. முடிச்சிட்டு, பாத்தியளா சார், எவ்வளவு கஷ்டம்னு சொல்லி நிக்கேன்.

மேடம் கண்ண மூடிட்டாவ. பிரின்ஸ்பால் என்னைய ரொம்ப நேரம் பாத்தாரு. கோவமா இல்ல. கோவமா பாத்திருந்தாலும் தேவல.

'நீங்க சாதாரணமா பேசுறத நிறுத்திட்டு எப்ப நடிக்க ஆரம்பிச்சீங்கன்னு எனக்குத் தெரியலை'ன்னாரு.

நான் எழுதுன தாள எடுத்து நாலா மடிச்சு டிராயருக்குள்ள போட்டாரு. வேற தாள எடுத்தாரு. பத்து நாள் சஸ்பென்ஷன். அடுத்த வருஷத்துல இருந்து காலேஜ் டேக்குப் பதிலா கருத்தரங்கம்.

நடந்தது இதுதான். என் தப்பு என்ன, சொல்லுங்க. நான் அந்தப் பிள்ளைய அவ்வளவு தத்ரூபமா பேசிக்காட்டிட்டேன். அவ எடுத்த மாமாவ நான் எடுத்தேன். கொஞ்சம் மோசமா எடுத்திருந்தா தப்பிச்சிருக்கும். திறமைதான் கெடுத்திருச்சு. வெளிய வந்து முப்பிடாதிகிட்ட இதத்தான் சொன்னேன். அவ அழல. 'சார், நெசமாவே உங்களுக்குத் தெரியாதா'ன்னு மட்டும் கேட்டா. என்னதும்மான்னேன். ஒண்ணுமில்ல சார்ன்னுட்டுப் போயிட்டா. எதக் கேட்டான்னு நாலு நாளா யோசிக்கேன்.

லெட்டர் இந்தா, இந்தப் பையிலதான் இருக்கு. அவ வீடு சுரண்டைப் பக்கம். தபால்ல போட வேண்டாம் சார், நானே கொண்டு குடுக்கேன்னு ஆபீஸ்ல வாங்கிட்டு வந்துட்டேன். தபால்காரரு கையில போய், அந்தம்மா பிரிச்சு, அடுத்த வீட்டுல யாரையும் வாசிக்கச் சொல்லி... வேண்டாம்னு தோணுச்சு.

அதுக்கு முன்னால ஒரு வேலை செஞ்சேன். சொல்ல வேண்டாம்னு பாத்தேன். சொல்லிருதேன். நேத்து சாயங்காலம் அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். பிரின்ஸ்பால் குரல்ல.

ஏன் அப்படிப் பாக்கிய? நல்லதுக்குத்தான். பிரின்ஸ்பாலே பேசி, லெட்டர் வரும், அது சும்மா நடைமுறைக்கு, உங்க பொண்ணு நல்ல பொண்ணு, படிப்ப நிறுத்திராதீங்கன்னு சொன்னா அந்தம்மா கேப்பாவல்லா. என்னைய மாதிரி சாதாரண வாத்தியார் சொன்னா கேப்பாவளா? குரலு அப்படியே வந்துச்சு. ஏத்தம் இல்ல, எறக்கம் இல்ல. 'ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடறேம்மா'ன்னு ஆரம்பிச்சேன். ரெண்டு நிமிஷம் பேசியிருப்பேன். அந்தப் பக்கம் பீடியில நூலு சுத்துற சத்தம் மட்டும் கேக்குது.

நான் முடிச்ச பொறவு அந்தம்மா கேட்டாவ. 'ஒண்ணே ஒண்ணு சாரா பேசுதிய?'

அண்ணாச்சி, என்னைய நேர்ல பாத்ததில்ல அந்தம்மா. எங்குரலக் கேட்டதில்ல. நான் பேசுனது குணசிங் குரல்ல. எப்படிக் கண்டுபிடிச்சாவ? போனக் காதுல வச்சிக்கிட்டு நிக்கேன். அவங்களேதான் சொன்னாவ, எம் மக வீட்டுல உங்களப் பேசிக்காட்டுவா சார், ராத்திரி தட்டு முன்னால உக்காந்து எங்களுக்குத் தூக்கம் வராம இருக்க அதத்தான் பேசுவான்னு.

அப்புறம் குரல் மாறிருச்சு. அந்தம்மா சொன்னத அப்படியே சொல்லுதேன். 'எல்லாம் சொல்லிட்டா எம் மக. வாத்தியாரப் பழிச்சான்னு லெட்டர் வருதாம்லா. நாளைக்கு நீங்களே கொண்டாங்க சார். வந்து எங்க வீட்டுல உக்காந்து ஒரு அர மணி நேரம் பேசுங்க. உங்க பேச்ச நான் கேக்கணும். உள்ளது உள்ளபடி பேசுனான்னா பழிப்பு இல்ல, பத்து நாள் கழிச்சு நானே கூட்டியாந்து விடுதேன். இல்லாதத இட்டுக்கட்டிப் பழிச்சிருந்தான்னா, படிச்சது போதும்.'

வச்சிட்டாவ.

அப்ப நான் போய் என்ன செய்யணும்? பேசணும். நான் எப்படிப் பேசுவேனோ அப்படிப் பேசணும். அது அந்தப் பிள்ள பேசுன மாதிரி இருக்கணும். இல்லன்னா அவ மடியில தட்டு. நான் பொறுப்புன்னு சொன்னவன்.

காலையில கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்தேன். குணசிங் வந்தாரு. பி.டி. சார் வந்தாரு. செத்துப்போன எங்க மாமனார் வந்தாரு, கேட்டு எம் பொண்டாட்டி அடுப்படியில இருந்து ஓடியாந்துட்டா. நான் மட்டும் வரல. வேணும்னே அந்தக் கல்யாண வீட்டு மாமா மாதிரி பேசிரலாமான்னா, அது நடிப்பு, அந்தம்மா பிடிச்சிருவாவ. குணசிங்குக்குள்ள என்னையப் பிடிச்சவங்க. அந்தக் காத ஏமாத்த முடியாது.

அந்தா, ஆலங்குளம் தாண்டிருச்சு. இன்னும் கால் மணி நேரம் இருக்கு.

அண்ணாச்சி, ஒரு உதவி. திருநெல்வேலியில இருந்து என் வாயவே பாத்துக்கிட்டு வாரிய. இந்த வண்டியில நம்மளத் தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல. கூச்சப்படாம, மெதுவா, நான் எப்படிப் பேசுதேன்னு ஒரு ரெண்டு வரி பேசிக்காட்டுங்க. நான் பாத்துப் படிச்சுக்கிடுதேன்.